தங்கசாலை தவறிய காசுகள்

ரயில் தண்டவாளத்தில் காசு வைத்து நசுக்கிப் பார்க்காத பையன்கள் எங்கள் ஊரில் குறைவு. வளைவு வளைவான விளிம்பு கொண்ட அலுமினியப் பத்துப் பைசாவை வைத்துவிட்டு வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் பதுங்கியிருப்போம். பாசஞ்சர் போனதும் ஓடிப்போய் ஜல்லிக்குள் துழாவினால், அரச இலை கனத்தில், கை சுடும் சூட்டில் கிடைக்கும். சிங்கமும் இருக்காது, எண்ணும் இருக்காது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து ஒரு நாணயக் கண்காட்சியில், அதே கதியில் நசுங்கிய இரண்டு ரூபாய்க் காசு ஒன்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் பார்த்தேன்.

“மிண்ட் எரர் சார். பிரஸ்ல ரெண்டு தரம் அடிபட்டது. மூவாயிரத்தி ஐந்நூறு. உங்களுக்குன்னா கொஞ்சம் பார்த்துக்கலாம்” என்றார் மேசைக்காரர்.

அது எந்த பிரஸ்ஸில் அடிபட்டது என்பது எனக்குத் தெரியும். இரண்டாம் வகுப்புப் பெட்டிகளோடு கூடிய பிரஸ். ஆனால் எனக்குப் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் பர்ஸைத் திறந்துகொண்டிருந்தான்.

பிழை நாணயச் சேகரிப்பு என்ற துறையின் மொத்தச் சிக்கலும் அந்த மேசையில் இருந்தது. எது பிழை, எது சேதம்? யார் முடிவு செய்வது? எதற்கு விலை, ஏன் அந்த விலை? துறைக்காரர்கள் கைக்கொள்ளும் எல்லை எளிமையானது: தங்கசாலையின் வாசல். வாசலுக்கு உள்ளே நடந்தால் பிழை, வெளியே நடந்தால் சேதம். தண்டவாளம், சுத்தியல், அமிலக் குடுவை, பத்தர் பட்டறை எல்லாம் வாசலுக்கு வெளியே. கேட்க எளிது. கையில் காசை மட்டும் வைத்துக்கொண்டு அது எந்தப் பக்கம் அடிபட்டது என்று சொல்வதில்தான் வித்தை இருக்கிறது. சங்க காலத்தில் காசை நோட்டம் பார்ப்பவருக்கு வண்ணக்கர் என்று பெயர். பின்னாளில் சராப்பு ஆனார். வெள்ளி ரூபாயைச் சுண்டிவிட்டு நாதத்தை வைத்தே நல்லது கெட்டது சொன்னவர்கள். இன்றைய பிழை நாணயக்காரருக்கும் அந்தக் காது வேண்டும், நாதத்துக்குப் பதில் இயந்திரத்தைக் கேட்கிற காது.

இங்கே ஒரு விநோதம். கையால் காசடித்த காலத்தில் பிழை நாணயம் என்ற பேச்சே கிடையாது. ராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசுகளை எடுத்துப் பாருங்கள். நிற்கும் உருவத்தின் தலை வெளியே போயிருக்கும், இல்லை பின்பக்கத்து எழுத்தில் பாதி ஓடியிருக்கும். முகலாய ரூபாயிலும் பெரும்பாலும் அரசன் பெயர் முழுதாகக் கிடைப்பதில்லை. அச்சு பெரிது, வில்லை சிறிது. எந்தப் பகுதி விழுகிறதோ அதுதான் காசு. அக்கசாலையில் ஒருவர் கீழச்சை மரக்கட்டையில் பதித்து, சூடான வில்லையை வைத்து, மேலச்சைப் பிடித்து ஓங்கி அடிக்கிறார் என்றால் ஒன்றுபோல் இன்னொன்று எப்படி விழும்? எல்லாமே கோணல் என்றால் கோணலுக்குத் தனி விலை ஏது?

ஒரே விதிவிலக்கு, ஒட்டிக்கொண்ட காசு. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், ஒரு பக்கம் உருவம் மேடாகவும் மறுபக்கம் அதே உருவம் பள்ளமாகவும், இடம் வலம் மாறியும் விழும். ரோமானியரின் வெள்ளி தெனாரியசுகளில் இந்த வகை கணிசமாகக் கிடைக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் அவசரத்தில் கைதவறியதற்கான சான்று. ஆங்கிலத்தில் இதை ப்ரோக்கேஜ் என்பார்கள்.

கோணல் பிழையாக மாறியது காலர் வந்த பிறகு. அச்சைச் சுற்றி எஃகு வளையம் ஒன்றைப் பொருத்தி, உலோகம் பக்கவாட்டில் வழியாமல் தடுத்து, ஒவ்வொரு காசும் துல்லியமாக வட்டமாக விழும்படி செய்ததில் பர்மிங்ஹாமில் மாத்யூ போல்டன் நடத்திய சோஹோ தங்கசாலைக்குப் பெரும் பங்கு உண்டு. நீராவி எந்திரத்தால் ஓடிய சாலை அது. அங்கே அடித்த காசுகள் முதலில் போய்ச்சேர்ந்த இடங்களில் ஒன்று நம்முடைய சென்னை. கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்துக்காக 1803-லும் 1808-லும் இருபது காசு, பத்துக் காசுச் செப்பு நாணயங்களை அங்கேதான் அடிக்க வைத்தது. 1808 காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809-ல் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. கடலடியிலிருந்து எடுத்த அந்தக் காசுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. மதராஸுக்கு வரவேண்டிய சில்லறை, மதராஸையே பார்க்காமல் பழம்பொருள் ஆகிவிட்டது. அவற்றைச் சோழச் செப்புக்காசு ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்: ஒன்றைப்போல் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அப்போதுதான் காசுக்குள் நுழைகிறது. அது மீறப்படும்போது பிழை பிறக்கிறது.

ஆகவே பிழை நாணயத்தைப் படிப்பது என்றால் எந்திரத்தைப் படிப்பதுதான். விலைப்பட்டியலை மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

வேலை நடக்கும் வரிசை இது. உலோகத் தகடு நீளச் சுருளாக வருகிறது. துளைக் கருவி அதிலிருந்து வில்லைகளை வெட்டுகிறது. வில்லைகளைச் சூடாக்கி மெதுவாக்குகிறார்கள், கழுவுகிறார்கள். பிறகு விளிம்பு எடுக்கும் எந்திரம். உருளைக்கும் வளைந்த தாங்கிக்கும் நடுவே வில்லையை நெருக்கி உருட்டி, ஓரத்தை லேசாக மேலே தள்ளும். அதன்பின் பிரஸ். காலருக்குள் வில்லை விழ, மேலச்சும் கீழச்சும் சேர்ந்து ஒரே அழுத்து. தலையும் பூவும் ஒரே நொடியில் விழுந்துவிடும். பிறகு சலிப்பது, எண்ணுவது, பையில் கட்டுவது. இந்த வரிசையில் எங்கே தடுமாறியது என்பதை ஒவ்வொரு பிழையும் சொல்லும்: வில்லைப் பிழை, அச்சுப் பிழை, அடிப் பிழை.

வில்லைப் பிழையில் எனக்குப் பிடித்தது கடிபட்ட காசு. தகடு சரியான தூரம் நகராமல் துளைக் கருவி இறங்கினால், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் விழுந்து, பிறைநிலா வடிவில் கடிபட்ட வில்லை கிடைக்கும். இதைப் போலியாகச் செய்வது எளிது. அரமும் கத்தரியும் போதும். ஆனால் போலி செய்பவர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. விளிம்பு எடுக்கும் எந்திரம் வில்லையை இரு பக்கமும் நெருக்குகிறது அல்லவா? கடிபட்ட இடம் வரும்போது அந்தப் பக்கம் பிடிப்பில்லை. பிடிப்பில்லாததால் நேர் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழுவதில்லை. அங்கே விளிம்பு மழுங்கியோ முற்றிலும் இல்லாமலோ போகும். பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். 25 மில்லிமீட்டர் ஒரு ரூபாய்க் காசில் மணிக்கூட்டின் 3 இருக்கும் இடத்தில் கடி இருந்தால், 9 இருக்கும் இடத்தில் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகவேண்டும். கூடவே, கடிக்கு அருகிலுள்ள எழுத்துகள் கடியை நோக்கி இழுபட்டு மங்கியிருக்கும். வெட்டப்பட்ட காசில் எழுத்து கூர்மையாக வந்து பட்டென்று அறுந்து நிற்கும். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், கட்டைவிரல் போதும்.

மாறிய வில்லை இன்னொரு வகை. ஒரு காசுக்கான வில்லை வேறு காசுக்கான பிரஸ்ஸுக்குள் போய்விடுவது. தொட்டியின் மூலையில் ஒட்டிக்கிடந்த பழைய வில்லை ஒன்று அடுத்த நாளோ அடுத்த ஆண்டோ விழும். இங்கே தராசுதான் சாட்சி. 1992-ல் வந்த எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம், பதினொரு பக்க இரண்டு ரூபாய் 6 கிராம், அந்தக் காலத்து ஐந்து ரூபாய் 9 கிராம். செம்பு நிக்கல் காசு காந்தத்தில் ஒட்டாது, நம் ஒரு ரூபாயின் எஃகு ஒட்டும். சந்தேகப்பட்ட காசு எந்த வில்லையின் எடையோடும் பொருந்தவில்லை என்றால், அது தேய்ந்ததாகவோ அமிலத்தில் ஊறியதாகவோதான் இருக்கும்.

அச்சுப் பிழைகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அச்சு விரிசல் விட்டால் காசில் மேடான கோடு வரும். அச்சின் ஓரம் உடைந்து விழுந்தால் அந்த இடத்தில் வெறும் மேடு வரும். எண்ணெய்ப் பிசுக்கு அடைத்தால் எழுத்தோ எண்ணோ காணாமல் போகும். இந்தக் கடைசி வகைக்கு அலையவேண்டாம், வண்டி வண்டியாகக் கிடைக்கிறது. கவனிக்கத் தக்கது இரட்டை அச்சு. அச்சு தயாரிக்கும்போதே தாய் அச்சு இருமுறை சற்றே விலகிப் பதிந்துவிட, அந்த அச்சிலிருந்து வரும் எல்லாக் காசிலும் எழுத்து இரட்டையாக விழும். இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று உண்டு. பிரஸ் தளர்ந்திருந்தால், அடித்த அச்சு விலகும்போது அதிர்ந்து எழுத்தின் ஓரத்தைத் தேய்த்துவிடும். அங்கே தெரியும் ‘இரட்டை’ படிக்கட்டுபோல் தட்டையாக, எழுத்தின் உயரத்துக்குக் கீழே கிடக்கும். நிஜ இரட்டை அச்சில் இரண்டாவது எழுத்தும் முதல் எழுத்தைப்போலவே உருண்டு திரண்டு, மூலையில் பிளவோடு தெரியும். தட்டையானதற்கு மதிப்பில்லை. புதியவர்கள் பணம் இழக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

அச்சு சுழன்றதையும் ஒரு விரல் சோதனையில் பிடிக்கலாம். நம் காசைத் தலைப்பக்கம் நேராக இருக்கும்படி மேலும் கீழுமாக இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். பூவும் நேராக நிற்கவேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால், பிரஸ்ஸில் ஒரு அச்சு தளர்ந்து சுழன்றிருக்கிறது. இதே சோதனையை அமெரிக்கக் காசில் செய்துவிட்டு துள்ளிக் குதிக்கக் கூடாது. அவர்கள் காசில் தலைகீழாக நிற்பதுதான் சரி.

உலகம் அறிந்த பிழைகளில் முதலிடம் 1943-ன் அமெரிக்கச் செம்பு சென்ட்டுக்கு. உலகப்போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு மட்டும் சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில தொட்டிகளில் தங்கி, எஃகோடு சேர்ந்து அடிபட்டன. இன்று தெரிந்தவை சுமார் இருபது. மாசசூசெட்ஸில் 16 வயதுப் பையன் ஒருவனுக்கு 1947-ல் பள்ளி உணவகத்தில் கொடுத்த சில்லறையில் ஒன்று வந்தது. அவன் ஆயுள் முழுக்க வைத்திருந்தான். 2019-ல் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது. டென்வரில் அடிபட்ட ஒரே ஒரு செம்பு சென்ட் 2010-ல் 17 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இந்த விலை வந்தபின் போலிகள் வராமல் இருக்குமா? எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசினார்கள். காந்தம் காட்டிக்கொடுத்தது. உடனே 1948 சென்ட்டை எடுத்து 8-ன் இடப்பாதியைச் சுரண்டி 3 ஆக்கினார்கள். அதையும் பிடித்தார்கள்: நிஜ 1943-ல் 3-ன் வால் நீளமாகக் கீழே இறங்கும், சுரண்டிய 3-ல் வால் குட்டை. எண்பது ஆண்டாக நடக்கும் துரத்தல் இது.

1955-ன் இரட்டை அச்சு சென்ட்டின் கதை வேறு. பிலடெல்பியாவில் அச்சுக் கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட காசுகள் நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. அத்தனையையும் உருக்குவதா, போகட்டும் என்று விடுவதா? விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் தானியங்கி எந்திரத்தில் 25 சென்ட் போட்டால் 23 சென்ட் சிகரெட் பாக்கெட் வரும். மீதி இரண்டு சென்ட் உறைக்குள்ளேயே இருக்கும். அப்படிப் பல காசுகள் புகைப்பவர் கைக்குப் போய்ச்சேர்ந்தன. இருபதாயிரம் என்பது சேகரிப்பில் சின்ன எண்ணிக்கையே அல்ல. இருந்தும் இந்தக் காசு இன்றும் ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. அரிதாக இருந்தால்தான் விலை என்று நம்புபவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். இரட்டை எழுத்து கண்ணாடி இல்லாமலே பளிச்சென்று தெரிகிறது, கதை தெரிகிறது, எல்லோருக்கும் பெயர் தெரிகிறது. விலையை ஏற்றுவது எண்ணிக்கை மட்டும் அல்ல. ஒரே ஒரு பிரதி உள்ள, ஆனால் யாருக்கும் விளங்காத பிழையைவிட, ஊரறிந்த பிழை எளிதில் விற்கும்.

இரு காசுகளின் அச்சுகள் கலந்துபோவதை மியூல் என்கிறார்கள். கோவேறு கழுதை. 2000-ல் பிலடெல்பியாவில் சகாகாவியா தங்கநிற டாலரின் வில்லையில், ஒரு பக்கம் டாலரின் கழுகும் மறுபக்கம் கால் டாலரின் வாஷிங்டன் தலையுமாக அடிபட்டது. இருபதுக்கும் குறைவாகவே தெரியவந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் பெரும் விலைக்குப் போகிறது. பிரிட்டனில் 2008-ல் காசுகளின் பின்பக்கத்தை மாத்யூ டென்ட் என்பவர் புதிதாக வடிவமைத்தபோது, ஆண்டு எண் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறியது. இருபது பென்ஸில் பழைய தலையையும் புதிய பூவையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். இரண்டிலும் ஆண்டு இல்லை. முந்நூறு ஆண்டுக்குமேல் பிரிட்டன் காணாத ஆண்டில்லாக் காசு. ஆனால் அவற்றின் எண்ணிக்கை இரண்டரை லட்சம் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். செய்தி வெளியானதும் நாடே சில்லறையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடியது. அமெரிக்க மியூல் லட்சங்களில் பேசப்பட, இது ஐம்பது நூறு பவுண்டு என்ற அளவிலேயே நிற்கிறது. கோளாறு ஒரே வகை, எண்ணிக்கை வேறு. முன்பத்தியில் சொன்னதற்கு இது எதிர்ச்சாட்சி என்று தோன்றலாம். ஆமாம். இந்தச் சந்தையில் ஒரே விதி எல்லா இடத்திலும் ஓடாது.

சிலி நாட்டில் நடந்தது எந்திரத்தின் கோளாறே அல்ல. 2008-ன் ஐம்பது பெசோ காசில் நாட்டின் பெயரில் ஓர் எழுத்து தவறாகப் பொறித்துவிட்டார்கள். எல் வரவேண்டிய இடத்தில் ஐ. பதினைந்து லட்சம் காசுகள் புழக்கத்துக்குப் போனபின், 2009 கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள். தங்கசாலையின் பொது மேலாளர் வேலையை இழந்தார். சொந்த நாட்டின் பெயரைத் தப்பாக எழுதிய காசு என்று உலகம் முழுக்கச் சிரித்தது. காசோ சில்லறைக் கடையில் ஐம்பது பெசோவுக்கே செல்லுபடியானது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சரித்திர உதாரணம் உண்டு. ஐந்தாம் ஜார்ஜின் 1911 வெள்ளி ரூபாய். அரசரின் அங்கியில் தொங்கும் இந்தியப் பேரரசு விருதுச் சங்கிலியில் யானை ஒன்று உண்டு. தும்பிக்கை குட்டையாக விழுந்துவிட்டதால் பார்ப்பவர்களுக்கு யானை பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களிடையே கிளம்பிய ஆட்சேபத்துக்குப் பிறகு அரசு காசைத் திரும்பப் பெற்றது. அடித்த 94 லட்சத்தில் சுமார் 7 லட்சமே வெளியே போயிருந்தது. மீதியை உருக்கிவிட்டார்கள். 1912-ல் தும்பிக்கை நீண்டு, யானை யானையாகவே நின்றது. ‘பன்றி ரூபாய்’ என்று இன்றும் வியாபாரிகள் சொல்வது இதைத்தான். இது பிழை நாணயமா? என் கணக்கில் இல்லை. அச்சு சரி, வில்லை சரி, அடி சரி. வரைந்தவர் கையில் வந்த கோளாறு. சிலிக் காசும் அந்த வகைதான். இதை ஏற்காதவர்கள் நிறைய. அவர்கள் பட்டியலில் இரண்டும் முதல் வரிசையில் நிற்கும். சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைத்து விலை பேசுவதை நான் ஒப்புவதில்லை.

இன்றைய இந்தியக் காசுகளுக்கு வருவோம். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என்று நான்கு தங்கசாலைகள். ஆண்டு எண்ணுக்குக் கீழே பார்த்தால் தெரியும்: மும்பைக்கு வைரக் குறி, ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு ஒன்றுமில்லை. ‘குறி விடுபட்ட அபூர்வக் காசு’ என்று கொல்கத்தாக் காசை விற்பவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். தேவை கூடிய காலங்களில் வெளிநாட்டிலும் அடித்து வந்திருக்கிறார்கள். 1985 ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே ஆங்கில ஹெச் இருந்தால் அது பர்மிங்ஹாமின் ஹீட்டன் தங்கசாலை. அதுவும் பிழை அல்ல, குறி. பத்து ரூபாய்க் காசு கதை எல்லோருக்கும் தெரியும். ரூபாய்க் குறி உள்ளது, இல்லாதது, பதினைந்து கோடுகள், பத்துக் கோடுகள் என்று வகைவகையாக வர, தமிழ்நாட்டில் பல ஊர்களில் கடைக்காரர்கள் வாங்கவே மறுத்தார்கள். பதினான்கு வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. வடிவ வேறுபாடு வேறு, பிழை வேறு. நம் ஊரில் பிழை நாணயம் தேடுபவர் முதலில் கற்கவேண்டியது எது பிழை இல்லை என்பதைத்தான்.

பிழை என்று வந்தாலும் இந்தியக் காசுக்கு விலை ஏறாததற்குக் காரணங்கள் உண்டு. உற்பத்தி கோடிக்கணக்கில். அவசரத்தில் வெளியேறும் சுழன்ற அச்சும் மையம் விலகிய அடியும் ஏராளம். அவற்றில் பல சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அமெரிக்காவில் இத்துறைக்கென்றே சங்கம் இருக்கிறது, அச்சு அச்சாக எண் கொடுத்துப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், தரம் பார்த்து உறையிட்டுத் தரும் நிறுவனங்கள் 1980-களிலிருந்து இயங்குகின்றன. நம்மிடம் எந்த ஆண்டு, எந்தச் சாலை, என்ன பிழை, எத்தனை தெரியவந்திருக்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்க ஏடு இல்லை. ஏடு இல்லாத சந்தையில் சொல்பவர் சொன்னதே விலை. இந்திய வகைகளில் நான் மதிப்பது மூன்றை: முழு ப்ரோக்கேஜ், மாறிய வில்லை, பத்து ரூபாயின் ஈருலோகக் கோளாறுகள். நடுவில்லை விழாமல் வளையம் மட்டும் அடிபட்டது, நடுவில்லை பாதி விலகி வளையத்தின் மேல் ஏறி அடிபட்டது போன்றவை. இவற்றிலும் ஏமாற்று உண்டு. 27 மில்லிமீட்டர் காசிலிருந்து நடுவில்லையைத் தட்டி எடுத்துவிட்டு ‘வளையம் மட்டும்’ என்று விற்பார்கள். வளையத்தின் உள்விளிம்பை லென்ஸில் பாருங்கள். நடுவில்லை இருந்து பிதுங்கியதற்கான தடம் அங்கே இருந்தால் அது வாசலுக்கு வெளியே நடந்த வேலை.

என் சொந்தத் தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுக்கு முன் ஐந்து ரூபாய் ப்ரோக்கேஜ் ஒன்றை ஆயிரத்து எண்ணூறு கொடுத்து வாங்கினேன். பூப்பக்கத்தில் இன்னொரு காசின் உருவம் பள்ளமாக, கண்ணாடிப் பிம்பமாக, அழகாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மேசை விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் பள்ளத்துக்குள் பழைய 5-ன் நிழல் தெரிந்தது. நிஜ ப்ரோக்கேஜில் அந்தப் பக்கம் அச்சையே பார்த்திருக்காது. பழைய உருவத்துக்கு அங்கே இடமே கிடையாது. யாரோ பட்டறை வைஸில் இரண்டு காசை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து இறுக்கியிருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் சிங்கங்களின் முகம் சப்பையாகக் கிடந்தது. அதை முதலிலேயே பார்த்திருக்கவேண்டும். இரு பக்கமும் தலை உள்ள காசும் இப்படித்தான்: ஒன்றைக் கிண்ணமாகக் கடைந்து இன்னொன்றைச் சீவி உள்ளே செருகுவார்கள். விளிம்புக்குச் சற்று உள்ளே மயிரிழை வளையம் ஒன்று தெரியும். சுண்டினால் நாதம் வராது, பொத்தென்று விழும்.

இன்னொரு சந்தேகம் எப்போதும் இருக்கிறது. பிழை என்று விற்பதில் கணிசமானவை தங்கசாலைக்குள்ளேயே யாரோ வேண்டுமென்று செய்தவையோ? 1913-ன் அமெரிக்க லிபர்ட்டி நிக்கல் ஐந்தே ஐந்து. அரசு அனுமதி இல்லாமல் உள்ளே யாரோ அடித்தவை. முன்னாள் தங்கசாலை ஊழியர் ஒருவர் மூலம் 1920-ஐ ஒட்டி வெளியே தெரிந்தன. இன்று ஒவ்வொன்றும் பல லட்சம் டாலர். அது பிழை அல்ல, களவு என்று சொன்னாலும் யாரும் விலையைக் குறைப்பதில்லை. ஒரே காசில் நான்கைந்து அடிகள், சமச்சீராக விலகி, கோலம்போல் விழுந்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். எந்திரம் தடுமாறும்போது அவ்வளவு அழகாகத் தடுமாறாது.

சட்டத்தையும் தொட்டுவிடுவோம். பிழை நாணயம் வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் 2011 நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. என் தண்டவாளப் பருவம் அந்தச் சட்டத்துக்கு முந்தியது என்பதில் சிறிது ஆறுதல். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்ல முடியாது. ‘இந்தக் காசு உங்களிடம் இருந்தால் பத்து லட்சம்’ என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றே உண்டு. பழைய காசு, நோட்டு விற்க வாங்க என்று தன் பெயரைச் சொல்லிக் கமிஷன், வரி கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. முதலில் பணம் கட்டச் சொல்பவர் காசு வாங்க வந்தவர் அல்ல.

தேடும் இடமும் சுருங்கிவருகிறது. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போனபோது, கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அவற்றில் எத்தனை பிழைகள் இருந்தனவோ, யாரும் பார்க்கவில்லை. இப்போது டீக்கடையிலும் கைப்பேசியைக் காட்டிப் பணம் கட்டுகிறோம். சில்லறை கைமாறுவதே குறைந்துவிட்டது. பிழை நாணயம் என்பது கைமாறும்போது யாரோ ஒருவர் குனிந்து பார்ப்பதால் கிடைப்பது. பார்ப்பதற்குக் காசே வரவில்லை என்றால்?

இதில் இறங்க நினைப்பவர்களுக்குச் செலவு அதிகமில்லை. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்னத் தராசு ஒன்று, ஒரு காந்தம். இவற்றோடு நல்ல, பிழையில்லாத காசுகள் ஒவ்வொரு வகையிலும் ஒன்று. ஒப்பிட அவைதான் வேண்டும். கண்காட்சி மேசையில் விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “அண்ணே, இது எப்படி இப்படி ஆச்சு?” தகடு, வில்லை, அச்சு, காலர், அடி என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் மேலே பேசலாம். “மிண்ட் எரர் சார்” என்பதற்குமேல் பதில் வரவில்லை என்றால் பர்ஸை மூடிவிடுங்கள். அன்று அந்தக் கல்லூரிப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையை மட்டும் அசைத்தேன். அவன் வாங்கவில்லை.

உங்கள் கையில் நிஜமான பிழை ஒன்று கிடைத்தால், விற்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்: எடை, ஆண்டு, சாலைக் குறி, கிடைத்த ஊர், கிடைத்த நாள் ஆகியவற்றை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் காசோடு உறைக்குள் வையுங்கள். இரு பக்கமும் படமெடுத்துப் பக்கத்து ஊர் நாணயச் சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். இந்தியப் பிழை நாணயங்களுக்கு ஏடு ஒன்று உருவாகவேண்டுமென்றால் அது இப்படிப்பட்ட துண்டுச்சீட்டுகளிலிருந்துதான் வரும். என் ஐந்து ரூபாய்ப் போலிக்கும் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்: “வைஸில் இறுக்கியது. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.”